பழைய பைபர் படகு: இன்ஜினைப் பார்த்து வாங்குவதா, படகைப் பார்த்து வாங்குவதா?

திருமங்கலத்தான்: தொண்டியில் இருக்கும் மச்சான் மீன்பிடிக்கப் பழைய பைபர் படகு ஒன்று பார்த்திருக்கிறான், பாதிப் பணம் என்னுடையது. படகின் பின்னால் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜினோடு சேர்த்து விலை. பெயிண்ட் புதுசு. முன்பணம் கொடுக்கும் முன்னால் எதைப் பார்க்கணும்?

மேலூர் மெக்கானிக்: இன்ஜின்தான் அண்ணே, காசு போவதே அதில்தான். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் ஆறவிட்டு, உங்கள் கண்முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். கியர் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கும்போது சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் வேண்டாம். பைபர் உடைந்தால் கண்ணாடி இழை விரிப்பும் (மேட்) ரெசின் பசையும் வைத்துக் கரையிலேயே ஒட்டிவிடலாம்.

பாம்பன் மருமகன்: ஒட்டலாம் என்று இவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள். மேல் கீறலை ஒட்டலாம், சரி. இன்ஜின் மாட்டுகிற பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும், போல்ட் ஓட்டை வழியாக உப்புத்தண்ணி இறங்கி அது உள்ளுக்குள்ளேயே மக்கிக்கொண்டிருக்கும், வெளியே புதுப் பெயிண்ட் பளபளக்கும். சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாங்க, சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று மாறினால் சந்தேகப்படணும். இன்ஜினை அடியில் பிடித்து அழுத்தினால் பலகையும் சேர்ந்து வளையக் கூடாது. நடுக்கடலில் பலகை விட்டால், நல்ல இன்ஜினும் அதோடு தண்ணிக்குள்தான்.

மேலூர் மெக்கானிக்: பலகையையும் மாற்றலாமே? இன்ஜின் சிலிண்டர் போனால் ஆகும் செலவுக்கு அது பரவாயில்லை.

பாம்பன் மருமகன்: மாற்றலாம். உள்பக்க பைபரை அறுத்து, ஊறின மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் புதுப் பலகை வைத்து மூடணும், அதுவரை தொழில் கிடையாது. இன்ஜின் போனால் அன்றைக்கு இன்னொரு படகு வந்து இழுத்துக்கொண்டு வரும். படகு பிளந்தால் ஆள் மிஞ்சணுமே! உங்கள் மச்சான் உயிர் அதில் போகிறது, இன்ஜின் விலையை மட்டும் பேசாதீர்கள்.

மேலூர் மெக்கானிக்: உயிர் என்று வந்தால் காற்றடிக்கும்போது ஸ்டார்ட் ஆகாத இன்ஜினும் ஆபத்துதான். அதை நான் விட மாட்டேன்.

காரைக்குடி பங்காளி: காகிதத்தை ரெண்டு பேரும் விட்டுட்டீங்க. மீன்வளத்துறைப் பதிவு எண் படகில் எழுதியிருக்கணும், புத்தகத்தில் விற்கிறவர் பெயர் இருக்கணும். பதிவு இல்லாவிட்டால் மானிய எரிபொருளும் கிடையாது.

திருமங்கலத்தான்: சரி, இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பின்பலகையைக் காட்டச் சொல்கிறேன், மறுத்தால் முன்பணம் கிடையாது. கேஜ் யாரிடமாவது இருக்கிறதா?

மேலூர் மெக்கானிக்: என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கங்க அண்ணே.