ஒரு கிழமை வெளிச்சவீட்டுக் காவலர்களாகப் போய்த் தங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

கொழும்பில் இருந்து எழுதுகிறேன். அக்காவும் அத்தானும் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறார்கள். அங்கே ஸ்குவிம் என்ற ஊருக்குப் பக்கத்தில் நியூ டஞ்சனெஸ் என்று 1857இல் ஏற்றிய பழைய வெளிச்சவீடு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கிழமை தங்கித் தொண்டராகக் காவலர் வேலை பார்க்க அக்கா பெயர் கொடுத்து, இடமும் கிடைத்துவிட்டது. அந்த நேரம் நானும் அம்மாவும் அங்கே நிற்போம் என்பதால் எங்களையும் சேர்த்தே பதிந்திருக்கிறா.

எனக்குச் சரியான ஆசை. ஆனால் சில விஷயம் தெரிய வேண்டும். விளக்கை நாங்களா ஏற்றி அணைக்க வேண்டும், இரவில் முறை வைத்து விழித்திருக்க வேண்டுமா? அங்கே போக ஐந்து மைல் மணலில் நடக்க வேண்டுமாம், அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நடக்கவே மாட்டா. கடை கண்ணி இல்லாத இடத்தில் ஒரு கிழமைச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? முக்கியமாக, ஒன்றும் தெரியாத நாங்கள் போவதால் அவர்களுக்கு உண்மையிலே உதவியா, இல்லை உபத்திரவமா?

தெஹிவளைக்காரன்:

தங்கச்சி, பயப்படாமல் போங்கள். நானும் மனைவியும் அங்கே தங்கியிருக்கிறோம். விளக்கு தன்பாட்டில் எரியும், அது அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் பொறுப்பு. நீங்கள் அதைத் தொடவே தேவையில்லை, இரவில் நன்றாக நித்திரை கொள்ளலாம்.

உங்கள் வேலை பகலில்தான். காலையில் கொடி ஏற்றுவது, புல் வெட்டுவது, வீட்டைத் துப்புரவாக வைப்பது, பித்தளை துலக்குவது, பிறகு வருகிறவர்களைக் கோபுரத்துக்குக் கூட்டிப்போய்க் கதை சொல்வது. பித்தளையைப் பற்றி ஒரு சொல். படிக்கட்டுப் பக்கம், கதவுப் பிடி, மேலே விளக்கறை என்று நிறைய இருக்கிறது, கடற்காற்றில் இன்றைக்குத் துலக்கினால் நாளை மறுநாள் மங்கத் தொடங்கிவிடும். திருவிழாவுக்கு முதல்நாள் குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி உட்கார்ந்து தேய்த்தால் ஒரு பின்னேரம் போய்விடும், எனக்கு அந்த வேலைதான் மிகவும் பிடித்தது.

ஆட்கள் கரையில் இருந்து மணல் திட்டில் ஐந்து மைல் நடந்து வருவார்கள், திரும்பவும் அதே தூரம் போக வேண்டும். களைத்துப்போய் வந்து முதலில் கேட்பது தண்ணீர்தான், குடிதண்ணீர் அங்கே இருக்கிறது. கொஞ்சம் ஆறிய பிறகுதான் வரலாறு கேட்பார்கள். கோபுரம் முதலில் 100 அடி உயரம், வெடிப்பு விழுந்ததால் 1927இல் மேற்பகுதியை இறக்கி 63 அடியாக்கினார்கள் என்று சொன்னால் உடனே அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தக் கடலுக்கு வந்த கப்டன் வான்கூவர் 1792இல் இங்கிலாந்தில் உள்ள டஞ்சனெஸ் முனையின் நினைவாக வைத்த பெயர்தான் நியூ டஞ்சனெஸ், டஞ்சனெஸ் நண்டுக்கும் வாஷிங்டனில் உள்ள டஞ்சனெஸ் ஊரால்தான் பெயர் என்பதையும் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு நண்டுக் கதை என்றால் போதும்.

அம்மா நடக்கத் தேவையில்லை. காவலர்களையும் சாமான்களையும் வற்று நேரம் பார்த்து ஜீப் மாதிரி வாகனத்தில் கடற்கரை வழியாகவே கொண்டுபோய் விடுவார்கள். கடல் விட்ட நேரம்தான் பயணம், அது விடியாத நேரமாகவும் இருக்கலாம், அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கோபுரத்துக்கு 74 படி. அம்மா ஏற வேண்டாம், கீழே இருந்து வருகிறவர்களை வரவேற்றால் அதுவே பெரிய உதவி. வீட்டில் மின்சாரம், குசினி, கட்டில் எல்லாம் உண்டு, சாப்பாட்டுச் சாமான் மட்டும் முழுக்க நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு இருந்தால் ஒரு கிழமை தாராளமாகச் சமாளிக்கலாம். அப்புறம், நீங்கள் விசிட் விசாவில்தானே போகிறீர்கள், அதை வெளிச்சவீட்டைப் பார்த்துக்கொள்கிற சங்கத்துக்கு முதலே சொல்லி எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

கொட்டாஞ்சேனையான்:

அங்கத்துவம் எடுக்க வேண்டும், தங்குவதற்குக் காசும் கட்ட வேண்டும் என்று பார்த்தேன். காசையும் கொடுத்து, சாமானையும் சுமந்துகொண்டு போய்ப் புல்லும் வெட்டிக் கொடுப்பதா? அதைத் தொண்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பராமரிப்பது அரசாங்கத்தின் வேலை.

தெஹிவளைக்காரன்:

தம்பி, நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே நடந்ததைக் கேளுங்கள். 1976இல் விளக்கைத் தானியங்கி ஆக்கினார்கள். அதன் பிறகும் காவற்படை ஆட்கள் தங்கியிருந்தார்கள், 1994இல் அவர்களும் போய்விட்டார்கள். விளக்குக்கு ஆள் தேவையில்லை, வீட்டுக்குத்தான் தேவை. கடற்கரையில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு என்ன நடக்கும் என்று கொழும்பில் இருக்கிறவருக்கு நான் சொல்லத் தேவையில்லை, பூச்சு உரிந்து, ஜன்னல் இத்துப்போய், கள்ளரும் வந்துவிடுவார்கள். அதனால்தான் ஊர்ச் சனம் சங்கமாகச் சேர்ந்து, அதே ஆண்டில் இருந்து கிழமைக்கு ஒரு குழு என்று மாறி மாறித் தங்கத் தொடங்கினார்கள். நீங்கள் கட்டுகிற காசு கூரைக்கும் பெயின்ற்றுக்கும் போகிறது. ஆள் நடமாட்டம்தான் அந்த இடத்துக்குக் காவல்.

பருத்தித்துறை மகள்:

இதை வாசிக்க எனக்கு எங்கள் ஊர் வெளிச்சவீடுதான் ஞாபகம் வருகிறது. 1916இல் கட்டியது, 32 மீற்றர், போர்க்காலம் முழுக்க வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த தலைமுறை எங்களுடையது.

இலங்கையில் எல்லா இடத்திலும் இந்த முறை சரிவராது. கிரிந்தைக்கு எதிரே கடலுக்குள் பாறைமேல் நிற்கும் பெரிய பாசஸ் வெளிச்சவீடு, 1873 மார்ச்சில் ஏற்றியது, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் படகே கிட்டப் போக முடியாத இடம், அது தொழில் தெரிந்தவர்களின் வேலை. ஆனால் பேருவளையில் 1889ஆம் ஆண்டின் வெளிச்சவீடு கரையில் இருந்து அரை மைல் தள்ளிச் சின்னத் தீவில் இருக்கிறது. மட்டக்களப்பில் பாலமீன்மடுவில் 1913ஆம் ஆண்டினது இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் துறைமுக அதிகார சபை ஊர்ச் சங்கங்களோடு சேர்ந்து, வார இறுதிக்கு இரண்டு குடும்பம் என்று தொடங்கினால் என்ன? கொழும்புக் கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பாருங்கள். சுற்றிலும் கட்டடம் எழும்பி வெளிச்சம் மறைந்ததால் 1952இல் விளக்கை நிறுத்தினார்கள், தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிற ஆட்களிலே அது ஒருகாலம் கப்பலுக்கு வழி காட்டியது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கதை சொல்ல அங்கே ஒரு ஆள் நின்றால் தெரிந்திருக்கும்.

வாசகி, நீங்கள் போனால் அவர்கள் ஆட்களை எப்படிப் பழக்குகிறார்கள், பொறுப்பை அடுத்த குழுவிடம் எப்படிக் கையளிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

வெள்ளவத்தை வாசகி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், பித்தளை துலக்குகிற வேலை தன்னுடையது, வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டா. விசா விஷயமாக அக்கா இன்றைக்கே சங்கத்துக்கு எழுதுகிறா. தெஹிவளை அண்ணை, இன்னும் ஒன்று: துலக்குகிற மருந்து அங்கே இருக்கிறதா, நாங்கள் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா? பருத்தித்துறை அக்கா, கையளிக்கிற முறையை வடிவாகக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன், வந்ததும் இங்கேயே போடுகிறேன்.