மீன் இல்லாத தொட்டியில் செடிகள் மஞ்சளாகின்றன, என்ன செய்யலாம்?

வளவுவாசல், காரைக்குடி:
வணக்கம். இரண்டடி கண்ணாடித் தொட்டி, மணல் போக 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன் இருக்கின்றன. மீன் இல்லை, விடப்போவதும் இல்லை. பாதி மாதம் நாங்கள் சென்னையில், வீடு பூட்டிக் கிடக்கும். யார் தீனி போடுவது?

பழைய இலைகள் மஞ்சளாகின்றன. ஹைக்ரோஃபிலாவில் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை. வாலிஸ்னேரியா இலைமேல் வெள்ளைப் பொருக்கு. போர் தண்ணீர்தான், ஊரில் இருக்கும்போது வாரம் ஒருமுறை பாதியை மாற்றுகிறேன். விளக்கு 10 மணி நேரம் எரிகிறது. தொட்டி வளவு (வீட்டு நடு முற்றம்) ஓரத்தில் இருப்பதால் மதியம் வெயிலும் விழும். கண்ணாடி முழுக்கப் பச்சைப்பாசி. தண்ணீரை இவ்வளவு சுத்தமாக வைத்தும் ஏன் இப்படி?

பாசிப்பித்தன்:
கொழுந்து எப்படி? வெளுத்திருக்கிறதா?

வளவுவாசல்:
பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னச் சின்னதாக வருகிறது.

பள்ளத்தூர்க்காரன்:
நாலு கப்பி மீன் வாங்கி விடுங்கள் அண்ணே, தானாகச் சரியாகிவிடும்.

பாசிப்பித்தன்:
அவர்தான் மீன் வேண்டாம் என்கிறாரே தம்பி. ஆனால் காரணம் நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. மீன் தொட்டியில் தீனியும் கழிவும்தான் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறிச் செடிக்குப் போகும். இங்கே அந்த வரவே இல்லை. சுத்தமான தண்ணீர் செடிக்குப் பட்டினி.

நைட்ரஜன் போதாதபோது செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும். மஞ்சள் அதனால்தான். ஓட்டை பெரும்பாலும் பொட்டாசியக் குறை. இரண்டுக்கும் பொட்டாசியம் நைட்ரேட் போதும். உரக்கடையில் 13:0:45 என்று கேளுங்கள், தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம் அது. 20 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, வாரம் 20 மில்லி விட்டால் தொட்டியில் லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் நைட்ரேட் ஏறும். பாஸ்பேட்டுக்கு 0:52:34 உரம். அதில் 4 கிராம் போதும், அதே அரை லிட்டர், வாரம் 10 மில்லி. யூரியா பக்கம் போகாதீர்கள், அமோனியா ஏறிப் பாசிதான் கொழுக்கும்.

பின்னால் கொழுந்து வெளுத்தால் இரும்பு பார்க்கலாம். இரும்பைக் கரைந்தபடியே பிடித்து வைக்கும் பொருளோடு சேர்த்துத்தான் விற்பார்கள். அதில் ஈ.டி.டி.ஏ. வகை போர் தண்ணீரில் நிலைக்காது, டி.டி.பி.ஏ. வகை வாங்குங்கள். பாஸ்பேட் விடும் நாளில் அதை விட வேண்டாம், இரண்டும் சேர்ந்து படிந்துவிடும்.

வெள்ளைப் பொருக்கு நோய் இல்லை. வாலிஸ்னேரியா கடின நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும், அப்போது இலைமேல் சுண்ணாம்பு படியும். அதனால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குச் செலவழிக்க வேண்டாம். திரவ கார்பன் என்று விற்பதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள், வாலிஸ்னேரியா கரைந்துபோகும்.

வளவுவாசல்:
அப்படியென்றால் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தவா?

பாசிப்பித்தன்:
மாதம் ஒருமுறை கால்வாசி போதும். ஆவியாகிக் குறைவதைப் போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வளவில் ஓட்டுத் தண்ணீர் பிடிக்கும் வழக்கம் இருக்கிறதல்லவா, அதை ஊற்றுங்கள். முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள், ஓட்டுத் தூசியெல்லாம் அதில்தான் வரும்.

கானாடுகாத்தான் ஆச்சி:
எல்லோரும் செடியைப் பற்றியே பேசுகிறீர்கள். மீன் இல்லாத தண்ணீர், பூட்டிய வீடு! கொசுப்புழுவை யார் தின்பார்கள்? இந்த வெயிலுக்கு முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். டெங்குக் கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் ஏது? மேலே நைலான் வலையை இடைவெளி இல்லாமல் கட்டுங்கள் தம்பி. பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து கிடைத்தால் போடலாம், அது புழுவைத்தான் கொல்லும், செடிக்கும் நத்தைக்கும் ஒன்றும் ஆகாது.

வளவுவாசல்:
சரி ஆச்சி, வலை இன்றைக்கே கட்டுகிறேன். நத்தை என்றதும் நினைவு வந்தது, செடியோடு நாலைந்து வந்திருக்கின்றன. எடுத்துவிடவா?

பாசிப்பித்தன்:
இருக்கட்டும், அழுகின இலையைத் தின்னும். தனியாகத் தீனி கேட்காது.

வளவுவாசல்:
ஊருக்குப் போகும்போது விளக்கை அணைத்துவிடலாமா?

பாசிப்பித்தன்:
வேண்டாம். டைமர் போட்டு 6 அல்லது 7 மணி நேரம் எரிய விடுங்கள். ஊரில் இருந்தாலும் அதற்கு மேல் தேவையில்லை. தொட்டியை மட்டும் மதிய வெயில் படாமல் கூரையுள்ள பட்டாலைப் பக்கம் தள்ளி வையுங்கள். காலி செய்துவிட்டு நகர்த்துங்கள், தண்ணீரோடு தூக்கினால் அடிக்கண்ணாடி விரிசல் விடும்.