லித்தாப்ஸ்: தமிழில் என்ன போடலாம்? (வியாழனுக்குள்)

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் இதழ் ஒன்றுக்குப் பாலைவனக் கட்டுரை மொழிபெயர்க்கிறேன், வியாழன் காலை கொடுத்தாக வேண்டும். லித்தாப்ஸ் மட்டும் இடிக்கிறது. தென்னாப்பிரிக்கா, நமீபியா பக்கம் சரளைக்கு நடுவில் தானும் ஒரு கல்லாகக் கிடக்கும் செடி. 1811-இல் பர்ச்செல் என்பவர் பிரீஸ்கா அருகே ஏதோ விசித்திரமான கூழாங்கல் என்று கையில் எடுத்துப் பார்த்தால் செடி! 'உயிர்க்கல்' என்று எழுதிப் பார்த்தேன், பேய்க்கதை மாதிரி இருக்கிறது.

—

தம்பி, கிரேக்கத்தில் லித்தோஸ் கல், ஆப்ஸ் முகம். 1922-இல் தாவரவியலாளர் என். ஈ. பிரவுன் இட்ட பெயர். ஆகவே புணர்ச்சி விதிப்படி கல்+முகம் = கன்முகம். தயவுசெய்து யாரும் கல்முகம் என்று எழுதாதீர்கள். கற்றாழையும் இப்படிக் கல்லில் பிறந்த சொல்தான், கல்+தாழை. கள்+தாழை என்று சாதிப்பவர்கள் உண்டு, அப்படியானால் கட்டாழை என்றல்லவா வந்திருக்கும்?

—

புலவர் ஐயா, கன்முகம் என்று எழுதினால் என் வகுப்புப் பிள்ளைகள் அச்சுப்பிழை என்று கண்முகம் ஆக்கிவிடுவார்கள். தவிர, முகம் எங்கே இருக்கிறது? இரண்டே தடித்த இலை, நடுவில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். உடம்பில் பெரும்பகுதி மண்ணுக்குள். மேல்பரப்பு கண்ணாடி ஜன்னல் மாதிரி வெளிச்சத்தை உள்ளே விட, ஒளிச்சேர்க்கை மண்மட்டத்துக்குக் கீழே நடக்கிறது. புது இலைகள் பழைய இலைகளின் நீரை உறிஞ்சித்தான் வளரும், பழையது காய்ந்து சருகாகும். அந்த நேரத்தில் பாசத்தில் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும் (நான் இரண்டைக் கொன்றிருக்கிறேன்). அதனால் பெயரில் இலை இருக்கட்டும். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் மாட்டுக் குளம்பு என்று பொருள்படும் பெயர் இதற்கு உண்டு. குளம்பிலை?

—

> குளம்பிலை?

டீச்சர், காப்பியைக் குளம்பி என்று எழுதியே தீர வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இருக்கும் குழு இது! இலையா தூளா என்று கேட்பார்கள். கூழாங்கல் செடி என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

—

கூழாங்கல் ஆற்றில் உருண்டது ஐயா. பாலை நிலத்துச் சிறுகல்லுக்குரிய சொல் பரல், சங்கப் பாடல்களில் தலைவன் போகும் வழியெல்லாம் பரல்தான். கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவி சிலம்பில் முத்துப் பரல். பரலிலை எனலாம். 'செடி'யும் எனக்கு உறுத்துகிறது. தொல்காப்பியர் கணக்கில் புறத்தே வயிரம் (தண்டின் கெட்டிப் பகுதி) இருந்தால் புல், அகத்தே இருந்தால் மரம். இதற்கு வயிரம் எங்கே இருக்கிறது?

—

பரலிலை அழகுதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு முதலில் பரலை விளக்க வேண்டும், அப்புறம் இலையை, அதற்குள் பக்கம் முடிந்துவிடும். ஆறோ பாலையோ, கூழாங்கல்லைக் கையில் எடுக்காத குழந்தை இல்லை. என் ஓட்டு அதற்கே.

—

எல்லோருக்கும் நன்றி. காலையில் 'கூழாங்கல் செடி' என்றே கொடுத்துவிட்டேன். மனசு கேட்காமல் படவிளக்கத்தில் பரலிலை என்றும் சேர்த்திருந்தேன், இடமில்லை என்று அங்கே வெட்டிவிட்டார்கள்.

—

சரி, வெட்டட்டும். கற்றாழை பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.