ஏழு கிலோ கணக்கு: மலிவுக் கட்டண விமானத்தில் போய்வந்தவர்களின் அனுபவங்கள்

திருச்சி – கோலாலம்பூர்

என் தம்பி மலேசியாவில், கிள்ளானில் வேலை பார்க்கிறான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் அம்மா புறப்பட்டுவிட்டார். எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். மதுரையைத் தாண்டி எங்கும் போயிராத அம்மாவுக்கு விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் முறை. டிக்கெட் எடுத்தது நான். இருப்பதிலேயே குறைந்த கட்டணம் எதுவோ அதைத் தேடி எடுத்தேன். 7 கிலோ கைப்பை மட்டும்தான் இலவசம், பெட்டிக்குத் தனிப்பணம் என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. ஒரு மாதத்துக்கு நான்கைந்து புடவை, அதற்கு 7 கிலோ போதாதா என்று நினைத்துப் பணத்தைக் கட்டிவிட்டேன். பேத்தியைப் பார்க்கப் போகிற பாட்டி வெறும் புடவையோடு போவாரா என்று எனக்குத் தோன்றவில்லை.

கவுண்டரில் பையை வைத்ததும் 11.4 கிலோ காட்டியது. கூடுதல் எடைக்கு அவர்கள் சொன்ன தொகை நான் டிக்கெட்டுக்குக் கொடுத்ததைவிட அதிகம். அவ்வளவு பணம் அப்போது என் கணக்கில் இல்லை. வரிசையை விட்டு விலகி, தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தோம்.

மேலே அம்மாவின் புடவைகள். அதற்கு அடியில் அப்பாவின் பழைய வேட்டிகள், துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போனவை. குழந்தைக்குத் துணி மாற்ற என்று சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துக் கையாலேயே தைத்து வைத்திருந்தார். தூளி கட்ட ஒரு நூல் புடவை. சுக்கு, வசம்பு, இரண்டு கிலோ கருப்பட்டி. ஒரு டப்பாவில் பிரசவ லேகியம், ஒரு பாட்டில் செக்கு நல்லெண்ணெய். லேகியமும் எண்ணெயும் கைப்பையில் போகவே போகாது என்றார்கள். வெளிநாடு போகும் விமானத்தில் திரவமோ கூழோ 100 மில்லிக்கு மேற்பட்ட டப்பாவில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. பத்து நாள் அடுப்படியில் நின்று கிளறிய லேகியம்.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. லேகியத்தையும் எண்ணெயையும் என்னிடம் கொடுத்தார். பிறகு தன் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தார். கட்டியிருந்தது போக மாற்றுப் புடவை ஒன்றுதான் பையில் மிஞ்சியது. கருப்பட்டியில் பாதி வந்தது. வேட்டித் துணியில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. ஒரு மாதம் இரண்டே புடவையில் இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தப் புடவைகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பியதை நான் மறக்க மாட்டேன்.

ஆகவே எடுத்த எடுப்பில் சொல்வது இதுதான்: பெட்டிக்கான பணத்தை டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிடுங்கள். பிறகு இணையத்தில் சேர்த்தால் கொஞ்சம் கூடும், விமான நிலையத்தில் கட்டினால் எங்கோ போய்விடும். பையின் எடையையும் கணக்கில் வையுங்கள். சக்கரம் வைத்த சிறிய பெட்டியே இரண்டரை, மூன்று கிலோ வரும். 7 கிலோவில் உங்கள் பொருளுக்கு மிஞ்சுவது நாலு கிலோதான். துணிப்பை நல்லது. எல்லாவற்றையும்விட, போகிறவரிடம் என்ன எடுத்துப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்றாலும், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற இணையதளங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து

அண்ணா, உங்கள் அம்மா தரையில் உட்கார்ந்து புடவை எடுத்ததைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. நான் ஆறு ஆண்டு கவுண்டரில் நின்றவள். இப்படி எத்தனையோ பைகள் என் கண்முன்னே திறந்திருக்கின்றன. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடினால் கண்டுகொள்ளாமல் விட்டதுண்டு. நாலு கிலோவை விட முடியாது.

எடைக்கு ஏன் இவ்வளவு கறார் என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த வகை விமான நிறுவனங்களின் பிழைப்பே விமானம் தரையில் நிற்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. வந்த விமானம் ஆளை இறக்கி, ஏற்றி, அரை மணி நேரத்துக்குள் கிளம்ப வேண்டும். எல்லோரும் பெரிய பையோடு ஏறினால் மேல்தட்டில் இடம் தேடியே கால் மணி போய்விடும். அந்தத் தாமதம் அன்று அந்த விமானம் பறக்க வேண்டிய அத்தனை ஊர்களுக்கும் தொடரும். 2003இல் ஏர் டெக்கான் என்ற மலிவுக் கட்டண நிறுவனம் வந்தபோது நம் ஊரில் பலரும் முதல் முறையாக விமானம் ஏறினார்கள். அந்தக் கட்டணம் சாத்தியமானதே இருக்கையைத் தனியாகவும், சாப்பாடு முதலான மற்றதைத் தனியாகவும் விற்றதால்தான்.

நேரமும் அப்படியே. உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன் கவுண்டரை மூடிவிடுவார்கள், ஏறும் வாசலை 25 நிமிடத்துக்கு முன். வெளிநாட்டுக்கு இன்னும் முன்னதாக. மூடியபின் கணினியே எங்களை விடாது. அழுதுகொண்டு நின்றவர்களைப் பார்த்து நானும் உள்ளே போய் அழுதிருக்கிறேன்.

நான் அதிகம் பார்த்த சிக்கல் ஒன்று உண்டு. ஊர் ஏஜென்ட்டிடம் டிக்கெட் எடுப்பார்கள். அவர் தன் கைபேசி எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். விமான நேரம் இரண்டு மணி முன்னே போனால் செய்தி ஏஜென்ட்டுக்குப் போகும். பயணி பழைய நேரத்துக்கு, குடும்பத்தோடு மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்பார். யாரிடம் எடுத்தாலும் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள், போட்டிருக்கிறாரா என்று டிக்கெட்டை வாங்கிப் பாருங்கள்.

வயதானவர் தனியாகப் போனால் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட்டிலேயே, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் கேட்டு வையுங்கள். நடக்க முடியாதவருக்கு அது பெரிய துணை. போர்டிங் பாஸ், போய்ச் சேரும் வீட்டு முகவரி, அழைத்துப் போக வருபவரின் எண் மூன்றையும் காகிதத்தில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். கைபேசியில் சார்ஜ் போய்விட்டால் அவருக்கு எதுவும் தெரியாது.

சென்னை – துபாய்

எனக்கு வந்தது பெயர்ச் சிக்கல். நம்மில் பலருக்கு இருப்பதுபோல என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். குடும்பப் பெயர் என்ற இடம் காலி. டிக்கெட் எடுக்கும் இணையதளம் அந்த இடத்தைக் காலியாக விட்டால் மேலே போக விடவில்லை. அப்பா பெயரைப் போட்டேன். அதைவிட இயல்பாக வேறு என்ன போடுவோம்? கவுண்டரில் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் பாஸ்போர்ட் இல்லையே என்றார்கள். முக்கால் மணி நேரம் அங்கும் இங்கும் ஓடி, திருத்தக் கட்டணமும் கட்டி, கடைசி ஆளாக ஏறினேன். வேலையில் சேர வேண்டிய நாள் அது.

ஒற்றைப் பெயருக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. சிலர் அதே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்கிறார்கள், வேறு சிலர் வேறு எழுத்துகளைப் போடச் சொல்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன் அதைத் தேடிப் படியுங்கள். தவறாகப் போட்டுவிட்டால் உடனே திருத்துங்கள்: நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் எடுத்திருந்தால், 24 மணி நேரத்துக்குள் சொல்லும் எழுத்துப் பிழைக்கு இந்தியாவில் கட்டணம் வாங்கக் கூடாது.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது என் நண்பர்கள் வட்டமே கலங்கிப்போனது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. நான் காத்திருக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிட்டேன். என் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே அப்படித்தான் எடுத்தேன். எழுத்துப் பழக்கத்தில் ‘இனிஷியல்’ போதும் என்று இருக்கிற நமக்கு இது கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் கவுண்டரில் நிற்கும்போது உறுத்தல் உதவாது.

மும்பை – சென்னை

ஜூலை மழை. இரவு 7 மணி விமானம் 8 ஆனது, 9.30 ஆனது, பிறகு பலகையில் நேரமே இல்லை. என்னோடு எழுபது வயது மாமியாரும் மூன்று வயது மகனும். விதியை நான் முன்பே படித்து வைத்திருந்தது அன்று கைகொடுத்தது.

இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நேரத்துக்கு வந்து செக்-இன் செய்த பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் நிறுவனம் தர வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி இது. கட்டணம் மலிவு என்பதால் மாறாது. கேட்டேன். முதலில் தயங்கினார்கள். விதியை அமைதியாகச் சொன்னதும் கூப்பன் வந்தது. எனக்குக் கொடுத்ததைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து போய்க் கேட்டார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்று விமானமா, முழுப்பணமா என்று நாம் தேர்ந்துகொள்ளலாம். மழை, புயல் போன்ற காரணத்துக்கு இழப்பீட்டுத் தொகை கிடைக்காது என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்போதுதான் நம் பேச்சுக்கு மதிப்பிருக்கும்.

இன்னொன்று. பணம் திரும்பக் கிடைக்காத சலுகை டிக்கெட்டை ரத்து செய்தாலும், அதில் இருக்கும் வரியையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் அவர்கள் திருப்பித் தர வேண்டும். பலர் கேட்பதே இல்லை. தராவிட்டால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம்.

குழந்தையோடு போகிறவர்கள் இருக்கைக்கு என்று தனியாகப் பணம் கட்டிவிட வேண்டாம். ஒரே டிக்கெட் எண்ணில் போகும் 12 வயது வரையிலான பிள்ளைக்கு, பெற்றோர் ஒருவர் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் உத்தரவு வந்திருக்கிறது.

கோவை – சிங்கப்பூர்

சுருக்கமாக இரண்டு விஷயம். பவர் பேங்க் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான் போக வேண்டும். சிங்கப்பூரின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டின் விமானத்தில் 2025 ஏப்ரல் முதல் அதைப் பறக்கும்போது பயன்படுத்தவும் தடை. கொப்பரைத் தேங்காயை எதிலும் வைக்காதீர்கள்; எண்ணெய்ச் சத்து மிகுந்து எளிதில் தீப்பற்றுவது அது. என் பெட்டியைத் திரும்ப வரவழைத்து எடுக்க வைத்தார்கள்.

திருச்சி – கோலாலம்பூர் – மெல்பர்ன்

மகளிடம் போய்வந்தோம், நானும் என் வீட்டுக்காரரும். இரண்டு நிறுவனத்தில் தனித்தனி டிக்கெட் எடுத்தால் முப்பதாயிரம் ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டோம். மிச்சம் ஆனது உண்மை. ஆனால் கோலாலம்பூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தனித்தனி டிக்கெட் என்றால் நம் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்கு மாறாது. குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மீண்டும் கவுண்டரில் போட வேண்டும். அதனால் மலேசிய வருகை அட்டையும் வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. இறங்கியபின் சுவரோரம் நின்று கைபேசியில் நிரப்பினோம். அதற்குமேல், நாங்கள் இறங்கியது முதல் முனையம், அடுத்த விமானம் இரண்டாவது முனையம். இரண்டுக்கும் இடையே ரயிலில் மூன்றே நிமிடம், 2 ரிங்கிட். ஆனால் ரிங்கிட் எங்கே, நடைமேடை எங்கே என்று தெரியாமல் அவர் வியர்த்து நின்றதைப் பார்க்க எனக்கு வயிறு கலங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பெண், ‘ஆன்ட்டி, என்கூட வாங்க’ என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டிருந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முழு டிக்கெட்டும் போயிருக்கும். இடையில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். வயதானவர்களை அனுப்புவதென்றால் ஒரே டிக்கெட்டாக எடுங்கள், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

திருச்சி – கோலாலம்பூர், மறுபடி

எழுதிய எல்லோருக்கும் நன்றி. கவுண்டரில் இருந்த தங்கைக்குத் தனியாக. உங்கள் பக்கத்து வருத்தம் எனக்கு அன்று தெரியாது.

பேத்தியின் முதல் பிறந்த நாளுக்கு அம்மா இரண்டாவது முறை போனார். போகவும் வரவும் 20 கிலோ பெட்டிக்கு முதல் நாளே பணம் கட்டினேன். திரும்பும் பயணத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதுக்கோட்டையில் ஒரு கொக்கித் தராசு வாங்கினேன். புறப்படுவதற்கு முந்தின இரவு, நடையில் பெட்டியை அதில் மாட்டி நானும் என் மனைவியும் தூக்கிப் பிடித்தோம். அம்மா குனிந்து எண்ணைப் படித்தார்: 19.6. லேகியம் இந்த முறை மூடி ஒட்டி, இரண்டு பாலிதீன் உறைக்குள், துணிகளுக்கு நடுவில் இருந்தது.

காலையில் காரில் ஏறும்போது தராசைக் காணவில்லை. தேடினேன். அம்மா தன் கைப்பையைத் தட்டிக் காட்டினார். வரும்போது அங்கேயும் எடை போட வேண்டுமே என்றார்.