ஹிஃப்: தூண்டு காரணியா, நிலைப்புக் காரணியா?

> திடீர் சிறுநீரகப் பாதிப்பு (Acute Kidney Injury) பற்றிய கட்டுரையில் வரும் Hypoxia-Inducible Factor (HIF, ஹிஃப்) என்ற புரதத்துக்கு ‘தாழ்வளி தூண்டு காரணி’ என்று போடலாமா? உதகை நண்பர்கள் சொல்லவும்.

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

‘தாழ்வளி’ எங்கள் மலையில் செல்லாது. இங்கே ‘கீழே’ என்றால் மேட்டுப்பாளையம், கோவை. காற்று அடர்த்தியாக இருப்பதே கீழேதான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிவிடும். 2,240 மீட்டர் உயரத்து உதகையில் உட்கார்ந்து ‘தாழ்வளி’ என்று படிப்பவர் பள்ளத்துக் காற்று என்றுதான் நினைப்பார். தவிர, நாம் பேசும் குறை காற்றில் இல்லை, திசுவில். கோவையில் இருப்பவருக்கும் ரத்தப்போக்கிலோ கடும் நோய்த்தொற்றிலோ சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டம் தடுமாறினால் அதே கதைதான். ஆகவே ஆக்சிஜன் குறைவதைச் சொல்ல ‘உயிர்வளிக்குறை’.

எனக்குப் பெரிய சண்டை ‘தூண்டு’வோடுதான். ஹிஃப் புரதத்தின் ஆல்ஃபா பகுதியை உயிர்வளிக்குறை தூண்டி உண்டாக்குவதில்லை. செல் அதை எந்நேரமும் செய்துகொண்டே இருக்கிறது, செய்த கையோடு அழித்தும் விடுகிறது. புரோலில் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி அதன்மேல் ஒரு குறி வைக்கும். குறியைக் கண்டதும் வி.ஹெச்.எல் புரதம் பிடித்து அழிவுக்கு அனுப்பும். சில நிமிடம்தான் ஆயுள். குறி வைக்க உயிர்வளி வேண்டும், இரும்பும் வேண்டும். உயிர்வளி குறைந்தால் நொதியின் கை ஓயும், ஹிஃப் பிழைத்துக்கொள்ளும், உட்கருவுக்குள் போய், ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபாய்ட்டின் முதலான மரபணுக்களை முடுக்கும். செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றது இந்த வழிமுறையை அவிழ்த்ததற்குத்தான். எனவே ‘உயிர்வளிக்குறை நிலைப்புக் காரணி’ என்பது என் முன்மொழிவு. நீளம்தான். நடைமுறையில் ‘ஹிஃப்’ போதும்.

சிறுநீரகத்துக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொண்டாலும் பெரும்பகுதி வெளியடுக்கான புறணியிலேயே செலவாகிவிடும். உள்ளே அகணியில் உயிர்வளி அழுத்தம் நல்ல நாளிலேயே 10 முதல் 20 மில்லிமீட்டர் பாதரசம்தான். அங்கே உப்பை மீட்டெடுக்கும் நுண்குழல் செல்களுக்கோ ஓயாத வேலை. ஓட்டம் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் சாவது அவைதான்.

உதகையிலிருந்து

---

ஐயா, கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். ‘உயிர்வளிக்குறை’ சரி. ஆனால் மூலப்பெயரில் தூண்டல்தானே இருக்கிறது? மாற்றினால் மாணவர்கள் தேடிப்பிடிக்கத் திண்டாடுவார்கள். இன்னொன்று, ‘திடீர்’ ஏன்? ‘தீவிர’ என்றுதானே எல்லா மருத்துவமனைச் சீட்டிலும் இருக்கிறது? ‘பாதிப்பு’க்கு ‘ஊறு’ என்ற நல்ல தமிழும் உண்டே.

---

அக்கா, ‘தீவிர’ என்றால் நோயாளியின் வீட்டார் “ஐ.சி.யூ-வா?” என்றுதான் கேட்கிறார்கள். அங்கே சொல்ல வருவது கடுமையை அல்ல, வேகத்தை. 48 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலே இந்தப் பெயர் பொருந்தும். ஆள் நடந்தே வந்திருப்பார். ‘செயலிழப்பு’ என்ற பழைய பேரும் அதனால்தான் ஒதுங்கியது. ‘ஊறு’ அழகுதான், ஆனால் ‘சிறுநீரக ஊறு’ என்று எழுதிப் பாருங்கள், சிறுநீர் ஊறுவதாகவே கண்ணில் படும்!

தேடலுக்கு அடைப்புக்குள் ‘ஹிஃப்’ இருக்கட்டும். ‘நிலைப்பு’ வேண்டும் என்று நான் நிற்பதற்கு மருந்துகளும் காரணம். இந்தியாவில் 2022-இல் அனுமதி பெற்ற டெசிடுஸ்டாட் என்ற மருந்து அந்த ஹைட்ராக்சிலேஸைத்தான் கட்டிப்போடுகிறது. எதையும் தூண்டவில்லை, அழிவை நிறுத்துகிறது. அதுவும் நாள்பட்ட சிறுநீரக நோயின் ரத்தசோகைக்கு, திடீர்ப் பாதிப்புக்கு அல்ல. கட்டுரையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எலிகளில் ரத்த ஓட்டத்தைத் தடுப்பதற்கு முன்பே ஹிஃப்பை நிலைக்க வைத்தால் சேதம் குறைகிறது. அடி விழுந்த பிறகு கொடுத்தால் அந்தப் பலன் உறுதியாகத் தெரியவில்லை. நெடுநாள் நீடித்தால் தழும்புநார் கூடுவதாகவும் சில சோதனைகள் காட்டுகின்றன. நம் வார்டுக்கு வருகிறவர் எல்லோரும் அடி விழுந்த பிறகு வருகிறவர்கள்தானே?

‘தூண்டு காரணி’ என்று எழுதினால், தூண்டிவிட்டால் நல்லது என்று யாராவது மாத்திரையைத் தேடிப் போவார்கள்.

ஹைட்ராக்சிலேஸை அப்படியே ஒலிபெயர்த்து விட்டுவிடலாமா, அக்கா? ‘நீரகவுயிரகமேற்றி’ என்றெல்லாம் யாரும் மடல் போடுவதற்குள் முடிவு செய்துவிட்டால் தேவலை.