யோகோசுகா போகிறோம், அத்தையையும் கூட்டிக்கொண்டு

வணக்கம். என் கணவர் அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறார். நார்ஃபோக்கிலிருந்து ஜப்பானின் யோகோசுகா தளத்துக்கு மாற்றல், குடும்பத்தோடு 3 வருஷம். எனக்கும் பையனுக்கும் மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது, படைவீரர் குடும்பங்களுக்கான கட்டணமில்லா பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பம் கொடுத்தாயிற்று.

கவலையெல்லாம் அத்தையை, அதாவது என் கணவரின் அம்மாவைப் பற்றித்தான். மதுரையில் தனியாக இருந்தவரை நாங்கள்தான் இங்கே அழைத்து வந்தோம். இந்திய பாஸ்போர்ட், கிரீன் கார்டு. படைவீரரை நம்பி வாழும் பெற்றோரையும் குடும்பமாக ஏற்க ஜப்பானுடனான ஒப்பந்தத்தில் இடமுண்டு. ஆனால் படைவீரரோடு வெளிநாட்டில் தங்கும் காலத்தில் கிரீன் கார்டு போய்விடாமலிருக்கத் தரும் சலுகை மனைவி, பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. அத்தைக்கு ரீ-என்ட்ரி பெர்மிட்தான் (வெளிநாட்டில் தங்கிவிட்டு அமெரிக்கா திரும்புவதற்கான அனுமதி) வழி. அது அதிகபட்சம் 2 வருஷம், விண்ணப்பிக்கும்போது அமெரிக்காவில் இருக்கவும் வேண்டும். மூன்றாவது வருஷத்துக்கு என்ன செய்வது?

பெற்றோரோடு போனவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அவர்களுக்கு ஜப்பான் போக அனுமதி உங்களோடு சேர்ந்தே வந்ததா, பிறகு வந்ததா? சர்க்கரை மருந்துக்குத் தளத்து மருத்துவமனையில் பார்த்தார்களா, வெளியே போனீர்களா? முழங்கால் வலிக்காரருக்குத் தளத்துக்குள் வீடு நல்லதா, தளத்துக்கு வெளியே உள்ள இகேகோ கடற்படைக் குடியிருப்பா?

அவரை மறுபடி தனியாக மதுரைக்கு அனுப்ப எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.