ராக்கிம் பற்றிப் பேச உங்கள் உதவி வேண்டும்

நண்பர்களே, அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் அமெரிக்க ராப் பாடகர் ராக்கிம் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். டிஜே எரிக் பி.யோடு சேர்ந்து 1987இல் 'பெய்ட் இன் ஃபுல்' தொகுப்பை வெளியிட்டார்.

அதற்கு முன் ராப்பில் பெரும்பாலும் வரி முடிவில்தான் இயைபு விழும். இவர் வரியின் நடுவிலும் அடுக்கினார். தாளக்கட்டு முடிந்த பிறகும் வாக்கியத்தை அடுத்த வரிக்குள் இழுத்துப் போனார். அதுவும் குரலை உயர்த்தாமல், நிதானமாக. சிறுவயதில் சாக்ஸபோன் வாசித்தவர், ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ரசிகர். அந்த மூச்சுக் கணக்கு பாட்டில் கேட்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நேற்று ஒரு சரணத்தை நோட்டில் எழுதி, மேசையில் தாளம் தட்டிக்கொண்டே ஒலி ஒத்துவரும் அசைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். பக்கமே சிவந்துவிட்டது! ராப் கேட்டே பழகாதவர்களுக்கு இதை எப்படிக் காட்டுவது? நம் எதுகை, இயைபோடு ஒப்பிட்டால் சரியாக வருமா? யாப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், 1988இல் வந்த 'ஃபாலோ தி லீடர்' தொகுப்பிலிருந்து ஒரே ஒரு பாட்டுதான் போட நேரமிருக்கும். எதைப் போடலாம்?